நெல்லியடிக்குப் போன கடிதங்கள்

திருவண்ணாமலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்த ஜோதியம்மாள் நாவல் எழுதுகிறவள் என்பது கூட வேலை பார்த்தவர்களுக்கே ரொம்ப நாள் தெரியாது. தெரிந்த பிறகும் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "எங்க ஜோதி கதையெல்லாம் எழுதுவா" என்று, ஒருத்திக்குக் கோலம் நன்றாக வரும் என்பதைப் போலச் சொல்வார்கள்.

அடி அண்ணாமலையில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பயிரிடுகிற குடும்பத்தில் பிறந்து, அந்தத் தெருவில் முதன்முதலாக எஸ்.எஸ்.எல்.சி. தேறிய பெண் அவள். லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதிய சக்கரவர்த்திக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கஸ்தூரி என்று ஒரே மகள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊராருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து சமைத்து முடித்து, மிச்சமிருந்த பொழுதில் எழுதினாள். கிணறு வெட்டும் இடத்தில் கல் சுமக்கிற பெண்களைப் பற்றியது முதல் நாவல். சென்னையில் ஒரு பதிப்பாளர் அதைப் போட்டார். நூலகங்களுக்குப் போயிற்று, அதோடு சரி. அதைப் படித்ததாக ஒருவர்கூட அவளிடம் சொன்னதில்லை.

சொன்ன முதல் ஆள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். யாழ்ப்பாணத்து நெல்லியடியில் பள்ளி ஆசிரியை, பெயர் தவமணி. அவளும் நாவல் எழுதுகிறவள். சிதம்பரத்துக்கு ஆருத்ரா தரிசனம் பார்க்க வந்த யாரோ வாங்கிப்போன பிரதி கைமாறிக் கைமாறி அவளிடம் சேர்ந்திருக்கிறது. எழுபத்து நாலாம் வருஷம் அவளுடைய முதல் கடிதம் வந்தது.

"உம்முடைய நாவலை ஒரே இருப்பில் வாசித்தேன். வடிவாக எழுதியிருக்கிறீர். ஆனால் அந்தக் கல் சுமக்கிற பெண்ணைக் கடைசியில் ஏன் சாகடித்தீர்? அவள் சாக வேண்டியவள் அல்ல. எழுதுகிற உமக்குக் களைப்பு வந்துவிட்டது, அதனால் சாகடித்துவிட்டீர் என்று நினைக்கிறேன்."

ஜோதிக்கு ஆத்திரம் வந்தது. முன்னே பின்னே தெரியாத ஒருத்தி என்னைக் கேட்கிறாளே என்று பொருமினாள். பிறகு யோசித்தபோது, கஸ்தூரி வயிற்றில் இருந்த சமயம் அது, கால் வீங்கி உட்கார முடியாமல் சீக்கிரம் முடித்தால் போதும் என்று எழுதிய பக்கம் அது என்பது நினைவுக்கு வந்தது. "அன்புள்ள அக்கா, நீங்கள் சொன்னது சரிதான்" என்று பதில் எழுதினாள்.

அப்படிப் பிடித்துக்கொண்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஒரு போட்டோ கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. தவமணி கணவனை இழந்தவள். கேதீஸ்வரன் என்று ஒரே மகன். அவன் பனங்காய்க்கு ஆசைப்பட்டு மரத்திலிருந்து விழுந்து இடது புருவம் கிழிந்தது, கணக்குப் பாடம் வராமல் அழுதது, அம்மா எழுதுவதை ஒளிந்திருந்து படித்துவிட்டு, "இந்த ஆள் நல்லவனோ கெட்டவனோ?" என்று கேட்டது, எல்லாம் கடிதத்தில் வரும். மற்றபடி எழுதுவதைப் பற்றித்தான் பேச்சு. தவமணிக்கு அழுகிற பாத்திரங்கள் பிடிக்காது. ஜோதிக்குத் தத்துவம் பேசுகிற பாத்திரங்கள் பிடிக்காது. இரண்டு பேரும் கடிதத்திலேயே சண்டை போட்டு, கடிதத்திலேயே சமாதானம் ஆனார்கள். ஜோதியின் இரண்டாவது நாவலில் அரைவாசி தவமணி அடித்துத் திருத்தியதுதான்.

பிறகு அங்கே நாள் கெட்டுக்கொண்டே வந்தது. யாழ்ப்பாண நூலகம் எரிந்த வருஷம் தவமணி எழுதினாள். "போய்ப் பார்த்தேன். சாம்பல் இன்னும் சூடாக இருந்தது. வீட்டுக்கு வந்து ஒரு வரி எழுதக் கை வரவில்லை. எழுதி எங்கே வைப்பது?" எண்பத்து மூன்று ஆடி மாதத்துக்குப் பிறகு கடிதமே நின்றுபோயிற்று.

ஜோதிக்குச் சோறு இறங்கவில்லை. ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுக்கிறவள், தனக்கு ஒரு லைன் போட முடியாமல் தவித்தாள். சட்டப்படி அது தப்பு. இருந்தும் போர்டில் கூட்டம் கம்மியான மத்தியானங்களில் சென்னையைக் கூப்பிடுவாள்.

"மெட்ராஸ், கொழும்பு கெடைக்குமாம்மா?"

"கொழும்பு கெடைச்சாலும் யாழ்ப்பாணம் போவாது ஜோதி. நேத்தும் சொன்னேனே."

"இன்னிக்கு ஒரு தபா பாருங்களேன்."

அந்தப் பக்கத்து ஆபரேட்டர் பெருமூச்சு விட்டுவிட்டு முயற்சி செய்வாள். வெறும் இரைச்சல் கேட்கும். கடல் இரைவதைப் போல இருக்கும் அது. ஜோதி அதையே கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ப்ளக்கைப் பிடுங்குவாள்.

தபால் மறுபடி வரத் தொடங்கிய பிறகு, எண்பத்தைந்து தை மாதம் ஒரு கடிதம் வந்தது. படித்ததும் ஜோதிக்கு ஒன்றும் புரியவில்லை. குசலம் விசாரிக்காமல் தவமணி நேராக நாவலைப் பற்றித் தொடங்கியிருந்தாள்.

"நான் ஒரு நாவலைப் பாதியில் நிறுத்திவிட்டேன். கதாநாயகனுக்குப் பதினேழு வயது. இடது புருவத்தில் தழும்பு. ஒரு நாள் தாயிடம் சொல்லாமல் வீட்டை விட்டுப் போய்விடுகிறான். கடல் தாண்டிவிட்டான் என்று கேள்வி. அதற்குப் பிறகு எனக்கு எழுதத் தெரியவில்லை. மிச்சக் கதை உம்முடைய ஊர்ப்பக்கம் நடக்கிறது போலிருக்கிறது. காடும் மலையும் இருக்கிற இடம். உம்மால் அவனைக் கண்டுபிடித்து எழுத முடியுமா?"

புருவத்துத் தழும்பு என்று இரண்டாம் முறை படித்தபோதுதான் ஜோதிக்கு விளங்கியது. இது நாவல் இல்லை. கேதீஸ் இயக்கத்தில் சேர்ந்து ஓடிவிட்டான். கடிதங்களை ராணுவமும் பிரிக்கிறது, இயக்கத்துப் பையன்களும் பிரிக்கிறார்கள். அதனால்தான் இரண்டு எழுத்தாளர்கள் கதை பேசுவதைப் போலத் தவமணி எழுதியிருக்கிறாள்.

சக்கரவர்த்தியிடம் காட்டினாள். அவர் படித்துவிட்டு மடித்துக் கையில் கொடுத்தார்.

"பாவந்தான். அதுக்கு நாம என்னா பண்ண முடியும்? நீ கவர்மெண்ட் உத்தியோகத்துல கீற. வீட்ல பொம்பளப் புள்ள இருக்குது. இதெல்லாம் நெருப்புங்கறது ஞாபகம் இருக்கட்டும்."

"தேடிப் பாக்கறதுல என்னாங்க தப்பு?"

"எங்க போயி தேடுவ? ஜவ்வாது மலையிலயா?"

அவளுக்கும் தெரியவில்லை. ஆனால் செங்கம் பக்கத்துக் காட்டோரத்தில் சிலோன் பையன்கள் முகாம் போட்டிருக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு இருந்தது. அந்தப் பக்கத்துப் பொதுத் தொலைபேசியிலிருந்து எப்போதாவது சென்னைக்கு ட்ரங்க் கால் கேட்கிற குரல் ஜோதியின் காதிலேயே விழுந்திருந்தது. "ஒருக்கா எடுத்துத் தாங்கோ" என்பார்கள். எக்ஸ்சேஞ்சில் மற்றப் பெண்கள் அவர்களை மலையாளத்தான்கள் என்று நினைத்துச் சிரிப்பார்கள்.

அடுத்த முறை அந்தக் குரல் வந்தபோது ஜோதி லைனைப் போடாமல் கேட்டாள். "தம்பி, உங்ககூட நெல்லியடிப் பையன் யாராச்சும் இருக்காங்களா? பேரு கேதீஸ்வரன்."

 "இஞ்ச ஒருத்தருக்கும் சொந்தப் பேர் இல்லை அக்கா" என்றது குரல். போனை வைத்துவிட்டார்கள்.

அவள் விடவில்லை. ஒவ்வொரு முறையும் கேட்டாள். சிலர் பேசாமல் வைத்தார்கள். ஒருவன் அதட்டினான். "நீங்கள் ஆர்? என்னத்துக்கு விசாரிக்கிறியள்?"  கதாநாயகன் இன்னும் அகப்படவில்லை என்று தவமணிக்கு எழுதினாள். தவமணி, "தேடும், தேடும். எனக்கு நித்திரை இல்லை" என்று எழுதினாள். அதில் கதை பேசுகிற பாவனைகூட இல்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று. எண்பத்தாறு வைகாசியில், வெயில் கொளுத்துகிற ஒரு மத்தியானம், ஜோதி வேலை முடிந்து வந்து சேலை மாற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ நிற்பது தெரிந்தது. மெலிந்து கறுத்த ஒரு பையன். காலில் செருப்பில்லை. பாதமெல்லாம் முள் கிழித்து ரத்தம் காய்ந்திருந்தது. ஜோதி முதலில் பார்த்தது இடது புருவத்தைத்தான்.

"அன்ரி, நான் தவமணி ரீச்சரின்ர மகன்" என்றான். "போனில விசாரிச்சது நீங்கள்தானே? அம்மாவுக்கு வாற கடிதங்களில உங்கட விலாசம் பார்த்திருக்கிறன்."

அவனை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். பழைய சோற்றைப் பிழிந்து மோர் ஊற்றிக் கொடுத்தாள். வாயில் வைத்ததும் அழத் தொடங்கினான். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அப்படியே அழுதான். கூட இருந்த சிநேகிதன் ஒருவன் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்டதற்காக அவனை அடித்தே கொன்றுவிட்டார்களாம். குழி வெட்டச் சொன்னது கேதீஸைத்தானாம். மூன்றாம் நாள் விறகுக்குப் போனவன் திரும்பவில்லை. பகலில் பாறை இடுக்கில் கிடந்து, அண்ணாமலையைக் குறி வைத்து நடந்து வந்திருக்கிறான்.

"என்னைப் பிடிச்சா அங்கயே புதைப்பாங்கள்" என்றான். "அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, குழி வெட்டினதை."

சாயங்காலம் சக்கரவர்த்தி வந்து பார்த்தார். கோபப்படுவார் என்று ஜோதி பயந்தாள். அவர் பையனின் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் மஞ்சள் களிம்பு வாங்கி வந்தார். "இங்க வெச்சிக்க முடியாது. உன் தம்பிகிட்ட வுட்டுடு" என்று மட்டும் சொன்னார்.

ஜோதியின் தம்பி வேடியப்பனுக்கு அடி அண்ணாமலையில் நிலமும் பம்ப்செட் கொட்டகையும் இருந்தன. வேடியப்பன் காரணம் கேட்கிற ஆள் இல்லை.

"ஊர்ல கேட்டா என்னா சொல்றது அக்கா?"

"கேரளாப் பையன்னு சொல்லு. பேச்சு அப்படித்தான இருக்குது."

கேதீஸ் கேரளாப் பையன் ஆனான். மல்லாட்டைக்குத் தண்ணீர் பாய்ச்சினான், களை எடுத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜோதி போய்ப் பார்த்துவிட்டு வருவாள். தவமணிக்கு எழுதினாள். "அக்கா, உங்கள் கதாநாயகன் என் நாவலுக்குள் வந்துவிட்டான். களைத்து வந்தான். இப்போது நன்றாகச் சாப்பிடுகிறான். இனி அவனை என்ன செய்யட்டும்?"

பதில் வர இரண்டு மாதம் பிடித்தது. "ஜோதி, உமது கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன். அவனை இந்த ஊருக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டாம். இங்கே வந்தால் கதை இரண்டு பக்கத்தில் முடிந்துபோகும். வேறு ஏதாவது தேசத்தில் முடியட்டும். தாய் காத்திருப்பாள் என்று எழுதிவிடும். காத்திருப்பது அவளுக்குப் பழக்கம்."

ஆவணி மாதம் ஜீப் ஒன்று ஜோதியின் வீட்டு முன்னால் வந்து நின்றது. முகாமிலிருந்து இரண்டு பேர் எக்ஸ்சேஞ்சில் வீடு விசாரித்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். ரொம்ப மரியாதையாகப் பேசினார்கள். கஸ்தூரி பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அதில் ஒருவன் அவள் புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு வைத்தான்.

"எங்கட பொடியன் ஒருத்தன் காணாமல் போட்டான் அக்கா. நீங்கள் போனில ஒரு பேரைக் கேட்டுக்கொண்டிருந்தனீங்கள் எண்டு சொன்னாங்கள்."

"அவங்கம்மா எனக்குக் கடிதம் எழுதறவங்க. விசாரிக்கச் சொன்னாங்க, விசாரிச்சேன். கெடைக்கல."

"கடிதங்களைப் பார்க்கலாமோ?"

"கடிதத்துல கதையப் பத்தித்தான் இருக்கும். நான் கதை எழுதறவ."

அவன் அவளை உற்றுப் பார்த்தான். அவளுடைய கை மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தது.  "பிறகு வாறம். எடுத்து வையுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஜீப் சத்தம் அடங்கியதும் சக்கரவர்த்தி அலமாரியைத் திறந்தார். பன்னிரண்டு வருஷத்துக் கடிதங்கள் ஒரு பழைய சூட்கேஸ் நிறைய இருந்தன.

"ஜோதி, இதுல ஒண்ணு அவனுங்க கையில கெடைச்சாலும் அந்தப் பையன் போச்சு. உன் தம்பியும் போச்சு."

"கதை பேசின கடிதமெல்லாம் இருக்குதுங்க. பழசு. அதுல ஒண்ணும் இல்ல."

"எதுல என்னா கீதுன்னு உக்காந்து பொறுக்கிக்கினு இருப்பியா? அதுக்குள்ள வந்துட்டா?"

புறக்கடையில் வெந்நீர் அடுப்பு இருந்தது. ஜோதி தானே ஒவ்வொன்றாகப் போட்டாள். நீல நிறத்து ஏர்மெயில் தாள் சட்டென்று பிடித்துச் சுருண்டது. தவமணியின் குண்டு குண்டான எழுத்து எரிவதற்கு முன் ஒரு கணம் பழுப்பாகத் துலங்கித் தெரிந்தது. இடையில் ஒன்றை எடுத்து மடியில் ஒளிக்கப் பார்த்தாள். பிறகு அதையும் போட்டுவிட்டாள். எங்கோ ஒரு நாட்டில் நடக்கிற சண்டை என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். அன்றைக்கு அது அவள் வீட்டு அடுப்புக்கே வந்துவிட்டது.

அவர்கள் திரும்பி வரவில்லை. அவர்களுக்குள்ளேயே பெரிய அடிதடியாகி முகாம் கலைந்துவிட்டது என்றார்கள். ஆனால் அதற்குப் பிறகு ஜீப் சத்தம் கேட்டாலே கஸ்தூரி எழுந்து போய்க் கதவைச் சாத்துவாள்.

எண்பத்தேழு ஆடியில் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டன. இந்திய ராணுவம் அமைதி காக்க யாழ்ப்பாணம் போகிறது, சண்டை முடிந்தது என்று ரேடியோ சொல்லிற்று. தெருவில் ஆளுக்கு ஆள் சந்தோஷப்பட்டார்கள். சில வாரத்தில் தவமணியின் கடிதம். இந்தத் தடவை கதாநாயகனும் இல்லை, நாவலும் இல்லை. பெயரைச் சொல்லியே எழுதியிருந்தாள்.

"என் மகன் கேதீஸை அனுப்பி விடும் ஜோதி. எல்லாரும் ஆயுதம் கொடுக்கிறார்கள். தெருவில் இந்திய ஆமிக்காரருக்குப் பிள்ளைகள் பூ கொடுக்கிறார்கள். நான் அவனைப் பார்க்க வேண்டும்."

ஜோதி கடிதத்தை எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனாள். வேறு தேசத்தில் முடியட்டும் என்று அதே கை எழுதியது அவள் மனதைக் குடைந்தது. இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமே என்று சொல்ல நினைத்தாள். சொன்னால், பெற்றவளுக்குத் தெரியாதது உனக்கென்ன தெரியும் என்று ஆகிவிடும். பையன் கடிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தான்.

"நீ என்னாப்பா சொல்ற?"

"அம்மாவைப் பார்க்கோணும் அன்ரி."

வேடியப்பனும் அவளுமாக வேதாரண்யம் வரை கூட்டிக்கொண்டு போனார்கள். ஆரணிப் பட்டில் ஒரு சேலை எடுத்து, தவமணிக்கென்று அவன் பையில் வைத்தாள். மீன்பிடிப் படகில் ஏற்றிவிட்டார்கள். பகல் வெளிச்சத்தில் படகு சின்னதாகிக்கொண்டே போனது. "போயி சேந்துடுவான் அக்கா, வா" என்று வேடியப்பன் இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.

புரட்டாசியில் கடிதம் வந்தது. "வந்துவிட்டான். என்னைவிட உயரமாக நிற்கிறான். நீர் பெறாத பிள்ளையைப் பெற்றவளைப் போலக் காத்தீர். உமக்கு நான் எந்தப் பிறவியில் என்ன செய்யப் போகிறேன்?" ஜோதி அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். ஐந்து வருஷத்துக்குப் பிறகு ஒரு சிறுகதை எழுத உட்கார்ந்தாள்.

அதை முடிப்பதற்குள் ஐப்பசி வந்துவிட்டது. அமைதி காக்கப் போன ராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் யாழ்ப்பாணத்தில் சண்டை மூண்டது. உள்ளூர் ரேடியோ ஒன்று சொல்லிற்று, வெளிநாட்டு ரேடியோ வேறொன்று சொல்லிற்று. ஷெல் விழுகிறது, ஜனங்கள் கோயிலிலும் பள்ளிக்கூடத்திலும் ஒதுங்கியிருக்கிறார்கள் என்பது இரண்டிலிருந்தும் தெரிந்தது.

அப்போதுதான் தண்டராம்பட்டுப் பக்கத்திலிருந்து வெள்ளையம்மாள் என்கிற ஒரு அம்மா எக்ஸ்சேஞ்சுக்கு வரத் தொடங்கினாள். கூலி வேலை செய்கிறவள். மகன் அப்பாதுரை யாழ்ப்பாணம் போன பட்டாளத்தில் இருந்தான். அவனைப் பற்றித் தகவல் கேட்க ஏதோ ஒரு ராணுவ ஆபீஸ் நம்பரைத் துண்டுத் தாளில் யாரிடமோ எழுதி வாங்கி வந்திருந்தாள். ஜோதி அதற்கு லைன் போட்டாள். எடுத்தவர் இந்தியில் பேசினார். தெரிந்த இங்கிலீஷில் ஜோதி கேட்டதற்கு, சேதி இருந்தால் கடிதம் வரும் என்றார்.

"சேதி வந்தா வூட்டுக்கே கடிதம் வருமாம்மா."

"வர்றதுக்குத்தான்ம்மா பயமா கீது" என்றாள் வெள்ளையம்மாள்.

அவளை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தாள். அவள் நாலு நாளைக்கு ஒரு தடவை வந்தாள். ஒரு நாள், "ஏம்மா, உன் மூஞ்சியும் சரியில்லையே. உனக்கு அங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"அக்கா ஒருத்தி இருக்கறாங்க."

வெள்ளையம்மாளின் முகம் மலர்ந்தது. ஜோதியின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "அப்ப கவலப்படாதம்மா. எங்க புள்ளைங்க அங்கதான கீறானுங்க. உங்கக்காவ பத்திரமா பாத்துக்குவானுங்க."

ஜோதி மெல்லக் கையை விடுவித்துக்கொண்டாள். உள்ளே போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு லைனும் போடாமல், விளக்குகள் எரிந்து எரிந்து அணைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் வந்து தோளைத் தட்டினார்.

தை பிறந்து கேதீஸின் கையெழுத்தில் ஒரு கடிதம் வந்தது. திருச்சி முத்திரை. யாரோ கையோடு கொண்டுவந்து இங்கே தபாலில் போட்டிருக்கிறார்கள்.

"அன்ரி, அம்மா செத்துப் போனா. பள்ளிக்கூடத்தில் இருந்தனாங்கள். ஷெல் விழுந்தது. ஆர் அடிச்சதெண்டு தெரியாது, எல்லாப் பக்கமும் அடிச்சாங்கள். மூன்று நாள் உயிர் இருந்தது. மருந்து இல்லை. கடைசியில் எழுதப் பேப்பர் கேட்டவ, என்னட்ட இருக்கேல்லை. என்னை அனுப்பாமல் விட்டிருந்தால் அம்மா என்னைப் பார்க்க ஆசைப்பட்டபடியே உயிரோட இருந்திருப்பா எண்டும் நினைக்கிறன். என்னைப் பார்த்திட்டுத்தான் செத்தவ எண்டும் நினைக்கிறன். எனக்கு விளங்கேல்லை. சமைக்கத் தண்ணி அள்ள நான் போன நேரம்தான் ஷெல் விழுந்தது. இனி எனக்கு எழுத வேண்டாம். உங்கட நாட்டு முத்திரையைப் பார்க்க எனக்கு ஏலாது."

ஜோதி வேலைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள். ஒரு வாரம் கழித்து ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த கஸ்தூரிதான் பார்த்துத் தூக்கினாள்.

அந்த மாசக் கடைசியில் வெள்ளையம்மாள் வந்தாள். கையில் லட்டுப் பொட்டலம், அண்ணாமலையார் கோயில் விபூதி. அப்பாதுரை லீவில் வந்துவிட்டான். காலில் மட்டும் அடி. "வாயத் தொறம்மா" என்று தானே ஊட்டப் போனாள். "உங்கக்கா நல்லாருக்காங்களா?"

"இருக்கறாங்கம்மா" என்றாள் ஜோதி. லட்டை வாங்கித் தின்றாள். அந்தப் பெண்ணின் சந்தோஷத்தைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. அந்தப் பொய்யை அவள் யோசிக்கக்கூட இல்லை, தானாகவே வாயில் வந்துவிட்டது.

இருந்தும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அவர்கள் வீட்டுக்குப் போனாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே தெளிவில்லை. அப்பாதுரை கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இருபத்திரண்டு வயது இருக்கும்.

"நெல்லியடிப் பக்கம் போயிருந்தீங்களா தம்பி? ஒரு பள்ளிக்கூடத்துல ஜனங்க இருந்தாங்களாம்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எங்க இருந்தோம்னே எங்களுக்குத் தெரியாதுக்கா" என்றான். "அவங்க தமிழ்லதான் கத்தனாங்க. அத மட்டும் கேக்காதீங்க."

வெள்ளையம்மாள் காபியோடு வந்தாள். குடித்துவிட்டு ஜோதி கிளம்பினாள்.

கேதீஸுக்கு எழுதலாமா கூடாதா என்று அவள் பல நாள் புழுங்கினாள். உட்கார்வாள், "அன்புள்ள தம்பி" என்று போடுவாள், கிழிப்பாள். இரண்டு நாவல் எழுதியவளுக்கு நாலு வரி வரவில்லை. சக்கரவர்த்தி இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தொடக்கத்திலிருந்து பயந்தவர் அவர்தான். ஒரு நாள் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"எழுது. நான் போயி போட்டுட்டு வரேன்."

"எழுத வேணாம்னு சொல்லியிருக்கானே."

"எழுத வேணாம்னு சொல்றதுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கறான் பாரு. எழுது."

உன் அம்மா உயிரோடு இருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் எல்லாவற்றையும் செய்தோம், தப்பாகிவிட்டது, என்னை மன்னிக்க வேண்டாம், நீ உயிரோடு இரு என்று எழுதினாள். பதில் இல்லை. அந்த வருஷம் போயிற்று. அவள் கதை எழுதுவதை விட்டுவிட்டாள். விட்டுவிடுவதென்று முடிவெடுத்து விடவில்லை. உட்காரவே இல்லை, அவ்வளவுதான்.

எண்பத்தொன்பது கோடையில், கஸ்தூரிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம், ஜெர்மனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கேதீஸ் அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவுகிறான். மாமா முறையான ஒருவர் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். எப்படிப் போனான், எவ்வளவு பட்டான் என்று ஒன்றும் எழுதவில்லை. "எனக்குக் கோபம் இன்னும் ஆறேல்லை. ஆனால் இந்த ஊரில் அம்மாவைத் தெரிஞ்ச ஆள் ஒருத்தரும் இல்லை. நீங்கள்தான் இருக்கிறியள். வேடியப்பன் மாமா சுகமா? மல்லாட்டை எப்படி?" என்று இருந்தது.

ஜோதி பகல் ஷிப்டை வேறொருத்திக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். தவமணியைப் பற்றித் தனக்கு ஞாபகம் இருந்ததையெல்லாம் எழுதினாள். முதல் கடிதத்தில் திட்டியது, அழுகிற பாத்திரங்களைப் பிடிக்காதது, மகன் கணக்கில் தேறியபோது ஒரு பக்கம் முழுக்க அதையே எழுதியது. ஆறு தாள் ஆயிற்று. அதை மடித்து, தானே உறையாக மடித்து ஒட்டுகிற ஏர்மெயில் கடிதத்தாளுக்குள் வைத்து, தபால் ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

கவுண்டரில் இருந்தவர் அதைத் தொட்டுப் பார்த்தார். "இதுக்குள்ள வேற தாள் வெக்கக்கூடாதுங்களே. கவர்ல போடுங்க."

கவர் தீர்ந்துபோயிருந்தது. திங்கட்கிழமைதான் வருமாம். அதுவரை பொறுக்க ஜோதிக்கு மனமில்லை. இன்னொரு ஏர்மெயில் தாள் வாங்கினாள். அங்கேயே, பசை டப்பாவும் ஈக்களும் இருந்த அந்தச் சாய்வு மேசையில் நின்றுகொண்டு, ஆறு தாளில் இருந்ததைப் பொடி எழுத்தில் ஒன்றாகச் சுருக்கி எழுதத் தொடங்கினாள். மணியார்டர் எழுத வந்தவர்கள் இடித்துக்கொண்டு நின்றார்கள். எதை விடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. விளிம்பிலும் மடிப்பிலும் நுணுக்கி நுணுக்கி எழுதிக்கொண்டே போனாள்.